மஞ்சள் ஒட்டகம் நாற்பது

கம்ப்யூட்டர் படித்தவனைச் சொந்தக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். அவர்களுக்குக் கேடுகாலம் அங்கேதான் தொடங்கும்.

ஐரோலியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்த புதிது. தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருக்கும் மைதீன் மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அடுத்துச் செய்யப்போகும் பையின் வெட்டு அளவுகள் அத்தனையும் பட்டறை மாடியிலிருந்த கம்ப்யூட்டரில் ஒரே கோப்பில் கிடந்தன. ஆளில்லாத நேரம் எதிர்ப் பட்டறை சாகுல் பாய் ஏறிவந்து பார்த்துவிடுவாரோ என்று மாமாவுக்குத் தூக்கமில்லை.

"கவலய விடுங்க மாமா, நான் பூட்டித் தாரேன்" என்றேன். (இந்த வாய் இருக்கிறதே!) கோப்புகளைத் திறந்து எழுத நான் பயன்படுத்தும் எடிட்டர் மென்பொருளிலேயே கோப்பைப் பூட்டும் வசதி உண்டு. கடவுச்சொல்லை இரண்டு தடவை அடிக்க வேண்டும். திரையில் வெறும் நட்சத்திரங்கள்தான் தெரியும், அவ்வளவு பாதுகாப்பு. அடித்தேன், சேமித்தேன்.

அந்தச் சந்தில் மாடிக்கும் கீழுக்கும் பேச்சு என்றால் கத்தல்தான். இரும்பு ஏணியில் யார் ஏறி இறங்குவது? தையல் மிஷின் சத்தத்தை மீறி மாமா குரல் வந்தது.

"மருமவனே, என்னல வச்சிருக்க?"

"கடையநல்லூர், மாமா!"

கத்தி முடித்த பிறகுதான் மூளை விழித்தது. உடனே வேறொன்று மாற்றிச் சேமித்தேன்.

"இப்ப என்னல?"

"மஞ்சள் ஒட்டகம் நாப்பது! சேத்து எழுதணும்!"

எதிர்ப் பட்டறையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றாவதாக ஒன்றை வைத்தேன், எடிட்டரை மூடினேன், ஏணியில் இறங்கி மாமா காதில் ஓதினேன். ராணுவ ரகசியம் தோற்றது போங்கள்.

மறுநாள் மதியம் மாதிரிப் பையைப் பார்க்க வியாபாரி வருகிறார். பை இல்லையென்றால் ஆர்டர் இல்லை, மழைக்காலம் முழுக்கப் பட்டறை சும்மா கிடக்கும். காலையில் அந்த மூன்றாவது சொல்லை அடித்துக் கோப்பைத் திறந்தேன். திரை முழுக்கக் கிறுக்கல். தப்பான சொல் என்று சொல்லும் நாகரிகம்கூட அந்த எடிட்டருக்குக் கிடையாது. மறுபடி அடித்தேன். மறுபடியும் கிறுக்கல்.

"அல்லாவே! என் அளவெல்லாம் எங்கல?" மாமாவின் முகம் வெளிறிவிட்டது.

சத்தம் கேட்டு வந்த சாகுல் பாய் ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். "அரே, அந்த ஒட்டகத்தப் போட்டுப் பாருல!"

"அத அப்பவே மாத்தியாச்சு, சாச்சா" என்றேன், படித்தவனுக்கே உரிய திமிரோடு.

"போட்டுத்தான் பாரேன். மஞ்சள் ஒட்டகம் நாப்பது. சேத்து எழுதணும்னு நீதான கத்துன?"

மாமா முறைத்த முறைப்பில் அடித்தேன். கோப்பு சமர்த்தாகத் திறந்துகொண்டது. கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, கோப்பைச் சேமித்தால்தான் புதுச்சொல் ஒட்டும். மூன்றாவது தடவை ரோஷத்தில் சேமிக்காமலே மூடியிருக்கிறேன். இந்த அழகில் எனக்கு மாதச் சம்பளம் வேறு.

"உங்க அளவு எனக்கு எதுக்குவே? பை கடையில தொங்கட்டும், தொட்டுப் பாத்தே அளவெடுத்துருவேன்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார் சாகுல் பாய். பை தயாரானது, ஆர்டரும் கிடைத்தது. என் மானம்தான் போனது.

இன்றும் வீட்டில் நான் யாரிடமாவது குரலைத் தணித்துப் பேசினால் போதும், அடுப்படியிலிருந்து உம்மா கத்துவார்: "சத்தமாச் சொல்லுல! நாளைக்கு மறந்துட்டா யாருகிட்டப் போய்க் கேக்க?"