ஒரே பெயரில் இரண்டு ஊரும் என் வீட்டு விருந்தாளியும்

மதிப்பிற்குரிய, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த மதிப்புக்குக் கொஞ்சமும் தகுதியில்லாத என் மனைவியின் தம்பிக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம். அப்படி எழுதுவது முறை என்பதால் எழுதினேன், நீ நம்ப வேண்டியதில்லை.

உன் பள்ளிக்கூடத்து மாணவர் பரிமாற்றத் திட்டத்தைப் பற்றி நீ வந்து பேசியபோது நான் என்ன சொன்னேன்? வேண்டாம் என்றேன். நீயும் உன் அக்காவும் சேர்ந்து என் வாயை அடைத்து, என் பெண்ணை விமானம் ஏற்றிவிட்டு, பதிலுக்கு அந்த ஊர்ப் பெண்ணைக் கொண்டுவந்து என் வீட்டில் இறக்கினீர்கள். சரி, ஒரு வருஷம்தானே என்று நானும் சும்மா இருந்தேன். வந்தவள் சும்மா இருந்தாளா? நம் பேச்சை உன் அக்காவிடம் கற்றுக்கொண்டாள், அதனால் தண்ணீர் கேட்டால்கூட என்னைத் திட்டுகிற மாதிரியே இருக்கிறது.

நம் ஊருக்கு இந்தப் பெயரை வைத்தது, அந்நியர் ஆண்ட காலத்தில் வந்த ஒரு நில அளவை அதிகாரி என்பதும், அதை மாற்ற நான் தலைவராக இருந்து ஒரு குழு நடத்துவதும் உனக்குத் தெரியும். தெரிந்துமா, உலகத்தில் இத்தனை ஊர் இருக்க, அந்த அதிகாரி பிறந்த ஊரிலேயே ஆள் பிடித்தாய்? கூடாரத்தில் காய்ச்சலோடு கிடந்தவன், வீட்டு நினைப்பில் தன் ஊர்ப் பெயரை வரைபடத்தில் எழுதிவிட்டுப் போனானாம். அந்த ஊரில் மொத்தமே இரண்டு தெரு, ஒரு ரொட்டிக்கடை, ஒரு பாலம் என்கிறாள் இவள். எலியின் பெயரை யானைக்கு வைத்த கதை.

ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம் நம் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும். மருந்துக்கடைக்காரர் ஆற்றின் பெயரை வைக்கச் சொல்வார். வக்கீல் ஒரு பழைய சிற்றரசன் பெயரைச் சொல்வார், அது தன் வம்சம் என்று அவர் சொல்லாவிட்டாலும் அவர் மனைவி சொல்லிவிடுவாள். அச்சகம் வைத்திருக்கிற பாவத்துக்கு நான், புதுப் பெயருக்கு இடம் விட்டுக் கட்டுக் கட்டாக லெட்டர்பேட் அடித்து வைத்திருக்கிறேன். இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் இவள் வந்து உட்கார்ந்து, அந்த அதிகாரி வருவதற்கு முன் இந்த ஊரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டாள். வக்கீல் இன்னொரு காபி கேட்டார். அத்தோடு விட்டாளா? நூலகத்தில் புரட்டிக்கொண்டு வந்து சொல்கிறாள், ஆற்றுக்கு இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தை அக்கரை என்றார்களாம், அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்தை அக்கரை என்றார்களாம், இரண்டையும் சேர்த்து ஒரே ஊராக்கியவனே அந்த அதிகாரிதானாம். வக்கீல் வீடு அந்தப் பக்கம், மருந்துக்கடை இந்தப் பக்கம். இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தலைவலி மாத்திரைக்குக்கூட வக்கீல் வேறு கடைக்குப் போகிறார்.

இதற்கு மேலும் கேள். அடுத்த கூட்டத்தில், குழுவே உடைந்துபோகும் என்று நான் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தபோது இவள் மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஊர்ப் பேரும் எங்களோடது இல்ல அங்கிள். எப்பவோ படையெடுத்து வந்தவங்க முகாம் போட்ட இடத்துக்கு வெச்ச பேரு. நாங்க யாரும் மாத்தணும்னு நினைச்சதே இல்ல." அவ்வளவுதான், எல்லாருக்கும் மனசு உருகிவிட்டது. சொந்த ஊருக்கு ஒரு பெயர் சொல்ல ஒன்றுசேராத கைகள், அவள் ஊர்ப் பெயரை உடனே மாற்றச் சொல்லும் தீர்மானத்துக்கு ஒன்றாக உயர்ந்தன. வக்கீல் எழுத, மருந்துக்கடைக்காரர் திருத்தினார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே. நான் அச்சடித்தேன், என் காகிதம், என் மை.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடு. ஒருத்தி திரும்பினால் மற்றவளும் திரும்ப வேண்டும் என்று உன் திட்டத்தில் ஒரு விதி இருக்கிறதாமே. நான் தேடிப் படிக்கவில்லை, கண்ணில் பட்டது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போன வாரம் என் பெண் போனில் பேசும்போது, நம்ம ஊர்ல இன்னைக்கு ஒரே குளிர் என்றாள். இங்கே வெயில் கொளுத்துகிறதே, எந்த ஊர் என்று கேட்டேன். இங்கதான்பா என்றாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கும் இதற்கும்கூடச் சம்பந்தமில்லை.

உன் மனைவிக்கு என் ஆசிகள், குழந்தைகளுக்கு அன்பு. உனக்கு உண்டான ஆசியைக் காரியம் முடிந்த பிறகு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் மாட்டிக்கொண்ட அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். தன் அப்பாவோடு போனில் பேசினாளாம். அந்த மனுஷர் என் பெண் மேல் உங்கள் திட்டத்துக்காரர்களிடம் புகார் சொல்லியிருக்கிறாராம், வாயாடி, எடுத்ததற்கெல்லாம் கேள்வி, ரொட்டிக்கடைக்காரரோடு வாக்குவாதம், உடனே கூட்டிக்கொண்டு போங்கள் என்று. எனக்கு வந்த கோபத்தில், என் பெண்ணைக் குறை சொல்ல அவர் யார் என்று கத்திவிட்டேன். இவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அவ மேல ஒரு தப்பும் இல்ல அங்கிள். அவளை அனுப்பிட்டா நான் வந்துடுவேன்ல, அதுக்காகத்தான். நான் இல்லாம அவரால இருக்க முடியல."

இந்தக் கடிதத்தின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு நின்றேன். மேலே எழுதிய எதையும் நீ செய்ய வேண்டாம். அந்த மனுஷருடைய போன் நம்பரை மட்டும் உடனே அனுப்பு. உங்கள் பெண் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள் என்று நானே அவரிடம் சொல்ல வேண்டும். அவரும் என்னிடம் அதையே சொல்வாரா என்று கேட்க வேண்டும்.