மூன்று மணிக்கு நிற்கும் படம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லாரும் நலம். ஃபோனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். ஃபோனைத் தொட்டால் வைஃபை குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தவிர, விஷயம் உங்கள் அத்தை காதில் விழக் கூடாது.

போன தடவை வந்தபோது நீங்கள் வைத்துவிட்டுப் போன, டிவிக்குப் படம் அனுப்பும் கம்ப்யூட்டர் பெட்டியில், அத்தை இருபது வருஷமாகச் சேர்த்த இருநூற்றுப் பன்னிரண்டு பட டிஸ்க்குகளையும் ஒன்றுவிடாமல் ஏற்றிவிட்டேன். ஏழு மாத வேலை. எல்லாம் ஹெச்டி, ஒரு சொட்டுத் தரம் குறையவில்லை. அந்தப் பெருமையில் ஒரு காரியம் செய்துவிட்டேன். மாடி வீட்டுக்காரர், மொட்டை மாடித் தக்காளிச் செடிக்குப் பறவை வராமல் கட்டித் தொங்கவிடப் பழைய டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டார். இருநூற்றுப் பன்னிரண்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். காலி உறைகள் மட்டும் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. அத்தைக்குத் தெரியாது. அவள் மொட்டை மாடிக்குப் போய்விடக் கூடாதே என்று துணி துவைத்துக் காயப்போடுவதை நானே ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வந்திருக்கும் சோதனையைக் கேளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவளுடைய அக்காவும் தங்கையும் நம் வீட்டுக்கு வந்து, மூன்று பேருமாக உட்கார்ந்து, அவளுக்கு உயிரான அந்த அழுகைப் படத்தைப் பார்க்கப்போகிறார்கள். காலையில் போட்டால் தடங்கலே இல்லாமல் ஓடுகிறது. மத்தியானம் மூன்று மணி ஆனால் போதும், கதாநாயகி வாயைத் திறந்தபடி நிற்கிறாள், அவள் மூக்கு மேல் வட்டம் சுற்றுகிறது. முந்தாநாள் அத்தை எட்டிப் பார்த்து, "ஏங்க, எதுக்கு இந்த அவஸ்தை? பேசாம டிஸ்க்கையே போட்டுட்டா என்ன?" என்று அலமாரிப் பக்கம் நடந்தாள். "டிஸ்க் பிளேயர் ரிப்பேரும்மா" என்று சொல்லிவிட்டு, அவள் சமையலறைக்குள் போனதும் ஓடிப்போய் அதை ரிப்பேர் ஆக்கினேன்.

நான் சும்மா இருக்கவில்லை மாப்பிள்ளை. முப்பத்தொரு வருஷம் குடிநீர்த் துறையில் குழாய் அழுத்தம் பார்த்தவன். உயரத்தில் இருந்தால்தானே வேகம் வரும் என்று ரூட்டரைப் பரண் மேல் ஏற்றினேன். சூடாகிறதே என்று ஈரத்துண்டு போர்த்தினேன். அந்த ரூட்டர் போயே போய்விட்டது. புதுசு வாங்கி, நீங்கள் சொன்ன மாதிரி அதிலிருந்து டிவிக்குக் கேபிளும் இழுத்தேன். வளைவு இருந்தால் ஓட்டம் குறையுமே, அதனால் நேர்கோடாக, குளியலறை வழியாக. கதவு சாத்த முடியாது, உள்ளே போறவங்க இருமிக்கிட்டே இருக்கணும். அப்படியும் ரெண்டு முழம் பத்தலை. டிவியை ரெண்டு முழம் தள்ளினேன். இப்ப அது வாசக்கதவை மறைச்சுக்கிட்டு நிக்குது, நாங்க கொல்லை வழியாப் போய் வர்றோம், கூரியர்காரர் ஜன்னல் வழியா பார்சலை நீட்டுறார். இத்தனை பண்ணியும் மூணு மணியானா வட்டம் சுத்துது. எங்கேயோ கசியுதுன்னு மனசு அடிச்சுக்குது, எங்கேன்னுதான் தெரியல. ஞாயித்துக்கிழமை மூணு பொம்பளைங்க முன்னாடி படம் நின்னு, அவ எழுந்துபோய் அந்தக் காலி உறையைத் திறந்தா, இந்த வயசுல நான் எங்க போவேன் மாப்பிள்ளை?

சனிக்கிழமைக்குள் ஒரு வழி எழுதி அனுப்புங்கள். மகளுக்கு என் ஆசிகள், சம்பந்தி வீட்டாருக்கு வணக்கம். நான் பெட்டியை விட்டு நகர முடியாது என்பதால், கவரை நன்றாக ஒட்டி அத்தையிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். அவள் அதையெல்லாம் பிரித்துப் பார்க்கிறவள் இல்லை.

இப்படிக்கு,
நடுக்கத்துடன்,
உங்கள் மாமா

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை எழுதறேன். கவர் சரியா ஒட்டல, கொஞ்சம் ஆவியில காட்டினதும் தானா திறந்துக்கிச்சு. டிஸ்க் போனது எனக்கு அன்னிக்கே தெரியும்; மாடி வீட்டம்மா வந்து, எவ்வளவு பெரிய மனசுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தப் பெட்டி பாஸ்வேர்டை நம்ம பொண்ணுகிட்ட வாங்கி அக்காவுக்கும் தங்கச்சிக்கும் குடுத்திருக்கேன். தினமும் மூணு மணிக்கு அவங்க அவங்க வீட்டுல இருந்து அதே பெட்டியில பாக்குறாங்க, நான் சமையல்கட்டுல டேப்லெட்ல பாக்குறேன்; அதான் பெட்டி திணறுது. ஞாயித்துக்கிழமை மூணு பேரும் ஒரே டிவி முன்னாடி இருப்போம், படம் எங்க நிக்கப்போகுது? மாமாகிட்ட மட்டும் இப்போதைக்கு ஒண்ணும் சொல்லிடாதீங்க. அவர் துவைக்க கனமான போர்வை இன்னும் நாலு பாக்கி இருக்கு.