விசாரணையும் வித்த மீனும்

ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு உலகத்தையே ஒழுங்குபண்ணப் பிறந்த ஆள், எனக்குத் தெரிந்து, எங்கள் விசாரணை மட்டும்தான். நாகர்கோவிலில் ஒரு மாடியில், போனில் பார்க்கிற திரைகளைச் செய்துகொடுக்கும் சின்ன ஆபீஸ். அங்கே சாயா போடுவது நான். திருவட்டாற்றிலிருந்து வேலைக்கு வந்த அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை; எல்லாருக்கும் அவர் 'விசாரணை'தான்.

அவர் வந்த அன்றைக்கே, நான் அடுக்களை வாசலில் நின்று, "சீனி தீந்துபோச்சு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். தலையைத் தூக்கினார்.

"அம்மா, இது யாருக்கெல்லாம் தெரியணும்?"

"கடைக்குப் போறவனுக்கு, மக்கா."

"அப்போ அவன்கிட்ட மட்டும் சொல்லுங்க. எல்லாவனுக்க தலைக்குள்ளயும் எதுக்கு சீனியைக் கொட்டுதிய?"

பெண் பார்க்கப் போன இடத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. பெண்ணின் அப்பா சம்பளம் கேட்டாராம். இவர் கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இது யாருக்கெல்லாம் தெரியணும்?" என்றாராம். சித்தப்பாமார் எழுந்து வெளியே போனார்கள். சம்பந்தமும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டது.

குளச்சல் படகுக்காரர்களுக்கு எங்கள் ஆபீஸ் மீன் ஏலத் திரை ஒன்று செய்துகொடுத்திருந்தது. ஒருநாள் படகுக்காரர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். ஸ்பீக்கரில் போட்டதால் அடுக்களை வரைக்கும் கேட்டது.

"ஏலே, என் போன்ல சாளை மீனு வித்தாச்சுன்னு காட்டுது. வியாபாரி போன்ல இன்னும் ஏலத்துல கிடக்கு. வித்த மீனு எங்கேருந்துடே திரும்ப நீந்தி வருது? நாளைக்கும் இப்படின்னா உங்க சோலியே வேண்டாம்!"

அந்த வேலை போனால் ஆபீஸை மூடவேண்டியதுதான் என்றார் முதலாளித் தம்பி. என் அடுப்பும் அதோடு அணையும்.

திரை நினைப்பில் வைத்திருக்கிற சங்கதிக்கு 'ஸ்டேட்' என்று பேராம். அதை எங்கே வைப்பது என்று திரை செய்கிற பிள்ளைகளுக்குள் சண்டை. ஜெபின், "எல்லாத்தையும் ஒரே பொது இடத்துல போடணும்" என்றான். சுபா, "அவனவன் திரையிலயே இருக்கட்டும், பிழையை மட்டும் திருத்துவோம்" என்றாள்.

விசாரணை எழுந்து வந்தார். நான் ஊற்றிவைத்த சாயா கிளாசுகளைத் தரையில் பரப்பினார். நடுவில் கெட்டில்.

"கெட்டில் பொது இடம். கிளாசு ஒவ்வொண்ணும் ஒருத்தனுக்க திரை. சாயாதான் மீனு வித்துதா இல்லையாங்குற சேதி. அது யாருக்கெல்லாம் தெரியணும்?"

"எல்லாருக்கும்," என்றாள் சுபா.

"பொறவு எதுக்கு ஒவ்வொருத்தனும் தனியா ஊத்தி வச்சிருக்கான்? ஒருத்தன்கிட்ட சூடா இருக்கு, இன்னொருத்தன்கிட்ட ஆறிப்போய்க் கிடக்கு. அதாக்கும் வித்த மீனு நீந்துது!"

அத்தனை சாயாவையும் திரும்பக் கெட்டிலில் கவிழ்த்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஜெபினுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அதத்தானே அண்ணே சொன்னேன், எல்லாம் பொதுவுல. வியாபாரி தட்டிக்கிட்டு இருக்க தொகையையும் போட்டுருவோம்."

"அனுப்புறதுக்கு முன்னாலயா? நீ கேக்கப்போற விலை பக்கத்துல நிக்கவனுக்குத் தெரிஞ்சா, அது ஏலமாலே?"

விசாரணை ஒரே ஒரு கிளாசில் கொஞ்சம் ஊற்றித் தனியாக வைத்தார். அப்படியே ஒவ்வொரு சங்கதியையும் கூண்டில் ஏற்றி அதே கேள்வி. பலருக்கும் வேண்டியது கெட்டிலுக்கு, தனக்கு மட்டும் வேண்டியது கிளாசுக்கு. பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் கிளாசு தாண்டாத நான் கரித்துணியைக் கையில் பிடித்தபடி, கோயில் நடை திறந்ததைப் பார்க்கிறவள் மாதிரி நின்றேன்.

ராவோடு ராவாகத் திரையை மாற்றினார்கள். மறுநாள் ஏலம் முடிகிற நேரத்துக்கு ஆபீஸில் எல்லாரும் போனைச் சுற்றி நின்றார்கள். போன் அடித்தது. அதே படகுக்காரர்.

"ஏலே, எல்லாவன் போன்லயும் பாத்தாச்சு. வித்த மீனு வித்தபடியே கிடக்கு."

ஒரே கூச்சல். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். கிளாசு கழுவ வந்த விசாரணை அதைப் பார்த்துவிட்டார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்டார்.

"அம்மா, இது யாருக்கெல்லாம் தெரியணும்?"

"யாருக்கும் வேண்டாம், மக்கா."

கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கு வரைக்கும் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. நான்தான் இப்போது உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.