நான்காம் பாடத்தில் பொரியாத மீன்

கல்யாணமாகி மூன்றே மாதமான ஒருவன், கடல் தாண்டி இருப்பவர்களுக்குக் குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் பாடம் நடத்தக் கூடாது. நான் நடத்தினேன். 1991-ல், மண்ணூரில், ஒரு வாடகை வீட்டில், வியர்வை சொட்டச் சொட்ட.

என் ஒரே தகுதி என் குரல். சபையில் நான் வேதபாடம் வாசித்தால் பின் வரிசையில் தூங்குகிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார் (என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்). அதை நம்பி எங்கள் ஊழிய அலுவலகத்தின் மேலாளர் ஐயா, கிறிஸ்தவத் திருமண ஆலோசனைப் பாடத்தை என் தலையில் கட்டினார். நான் கேசட்டில் பேச வேண்டும். அது மலேசியாவுக்குத் தபாலில் போகும். அங்கே ரப்பர்த் தோட்டத்துச் சபைகளில் தமிழர்கள் கூடி உட்கார்ந்து கேட்டுப் படிப்பார்கள். தங்கள் ஊரில் கல்யாணம் செய்யப் போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வார்கள். அவர்களுடைய சந்தேகங்கள் இன்னொரு கேசட்டில் திரும்பி வரும்.

எங்கள் வீடு ஒரே அறை, அதை ஒட்டி அடுப்படி. நான் பதிவு செய்யும்போது ஜன்னலை மூடிவிடுவேன். சத்தம் விழும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவேன். குக்கர் விசில் அடிக்கக் கூடாது. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துத்தான் இரும வேண்டும். 'மனைவியின் பேச்சுக்குச் செவிகொடுங்கள்' என்று நான் மலேசியாவுக்குச் சொல்வதை, படப்பையிலிருந்து வந்த அந்தப் புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று அந்தப் பக்கம் போனால் தொழிற்சாலை ஷிஃப்ட் பஸ்ஸும் கண்டெய்னர் லாரியும்தான். அன்று மத்தியானத்தில் பக்கத்து வீட்டுக் கோழி கொக்கரித்தால்கூட கேசட்டில் தெளிவாக விழும். அந்த அமைதியும் அந்த ஒற்றை அறையும் இப்போது நினைத்தாலும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

நான்காம் பாடத்தன்று காலையில் மாமனார் சைக்கிளில் வந்து, மருமகனுக்குப் பிடிக்கும் என்று செம்பரம்பாக்கம் ஏரி மீனைக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டெல்லா ஆசையாக மசாலா அரைத்து (கையால்தான், சத்தம் வராமல்) தடவி வைத்தாள். பொரித்தால் எண்ணெய் சத்தம் கேசட்டில் விழும், பாடம் முடியட்டும் என்றேன். பாடத்தின் தலைப்பு 'இல்லறத்தில் பொறுமை'. அன்றைக்கென்று நாக்கு புரளவில்லை. அழித்து அழித்துப் பேசினேன். மே மாத வெயில் வேறு. மீன் எனக்காகக் காத்திருக்கவில்லை.

முடிவு ஜெபம் மட்டும் பாக்கி இருந்தபோது கரெண்ட் போனது, டேப்ரிக்கார்டர் சுற்றாமல் நின்றது. நான் எரிச்சலோடு எழுந்துவிட்டேன். அமுக்கிய பட்டன் அமுக்கியபடியே இருந்தது. ஃபேனும் லைட்டும் நிறுத்தியிருந்ததால், சற்று நேரத்தில் கரெண்ட் திரும்பி வந்தது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. (டேப்பின் சிவப்பு விளக்கு எப்போதோ அவிந்துபோயிருந்தது.) டேப் மட்டும் தன் கடமையைத் தொடர்ந்து செய்தது.

கெட்டுப்போன மீனைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்த ஸ்டெல்லா, பழைய சோற்றை என் முன்னால் வைத்தாள். நான் முகத்தைச் சுளித்தேன். அவள் அப்பா அவ்வளவு தூரம் மிதித்துக் கொண்டுவந்தது என்று ஆரம்பித்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். மலேசியாவுக்குப் பேசும் அதே கணீர்க் குரலில் கேட்டேன்.

"மீன் முக்கியமா, ஊழியம் முக்கியமா?"

"இயேசுவே மீன சுட்டு வெச்சிகினுதான் சீஷங்கள சாப்ட கூப்ட்டாரு. நீங்க இன்னா அவர விட பெரிய ஊழியக்காரரா?"

உடனே, வாயடைத்துப்போன எல்லா விசுவாசிகளும் செய்வதைச் செய்தேன். கண்ணை மூடி, சாப்பாட்டு ஜெபத்தை ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே, இந்த வீட்டில் பொறுமை இல்லாதவர்களுக்குப் பொறுமையைத் தாரும்."

நான் ஆமென் சொல்வதற்குள் அவள் ஜெபிக்கத் தொடங்கினாள்.

"ஆண்டவரே, ஊருக்கெல்லாம் போதிக்கிற உம்ம ஊழியக்காரருக்கு, வூட்ல பேசுறத கேக்குற காதையும் தாரும்."

மாறி மாறி ஜெபித்தோம். கடைசி ஜெபத்தில், தான் அம்மா வீட்டுக்குப் போவதை ஆண்டவரிடமே அறிவித்து அவள் ஆமென் சொன்னாள். சோறு அப்படியே இருந்தது. சாயங்கால பஸ்ஸில் ஸ்டெல்லா படப்பைக்குப் போய்விட்டாள். நானும் வீம்பாக இருந்தேன். டேப்பைப் பார்த்தேன், கேசட் முடிந்து பட்டன் தானாக எழும்பியிருந்தது. எப்படி என்று யோசிக்கவில்லை. முடிவு ஜெபத்தை மலேசியாக்காரர்களே செய்துகொள்ளட்டும் என்று, போட்டுக் கேட்காமலே மறுநாள் அலுவலகத்தில் கொடுத்தேன். அவர்களும் கேட்காமலே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அனுப்பிவிட்டார்கள்.

வாரங்கள் ஓடின. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று உள்ளுக்குள் எனக்குப் பயம். கூப்பிடப் போக வெட்கம்.

மலேசியாவிலிருந்து பதில் கேசட் வந்தது. ஐயா அதை அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் போட்டார். வயதான ஓர் அம்மாவின் குரல்.

"சார், நாலாம் பாடத்து நாடகம் ரொம்ப நல்லா இருந்திச்சு. சண்டைய ஜெபத்திலயே போட்டீங்க பாருங்க, எங்க வீட்லயும் அப்படித்தான் சார், நாப்பது வருசமா. நாங்க கூடிப் பேசினோம். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. அவர் போய்க் கூப்பிட்டாரா? அத அடுத்த பாடத்துல சொல்லுங்க."

எந்த நாடகம் என்று கேட்டபடி ஐயா எங்கள் பிரதியைத் தேடி எடுத்துப் போட்டார். பொறுமையைப் பற்றிய என் பேச்சு முடிந்தது, மீன் சண்டை ஆரம்பித்தது. டைப்பிஸ்ட் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன். ஐயா கடைசி ஆமென் வரைக்கும் கேட்டார். பிறகு டேப்ரிக்கார்டரையும் மலேசியா கேசட்டையும் என் கையில் கொடுத்தார்.

"படப்பைக்கு இப்ப பஸ் எதுனா கீதா, தம்பி?"

மாமியார் வீட்டில் டேப்பை வைத்து அந்த அம்மா பேசியதை மட்டும் போட்டேன். என் குரலால் மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. ஸ்டெல்லா முழுதாகக் கேட்டாள், திரும்பவும் போடச் சொன்னாள். கடைசியில் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கோ அழுகை வந்துவிட்டது.

"அஞ்சாம் பாடம் நான் பேசுவேன்" என்றாள். "மீன் பொரிச்சிகினேதான் பேசுவேன்."

அப்படியே பேசினாள். எண்ணெய் சத்தத்தோடு போன அந்தப் பாடத்தைத்தான் மலேசியாவில் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். அதற்குப் பிறகு அவள்தான் ஆசிரியை. நான் பட்டனை அமுக்குகிறவன்.

இன்றும் சாப்பாட்டு ஜெபத்தில் நான் யாருக்காவது புத்தி சொல்ல ஆரம்பித்தால், ஸ்டெல்லா ஒரு கண்ணை மட்டும் திறந்து மெதுவாகச் சொல்வாள்.

"இன்னாங்க, கரெண்ட் வந்துடுச்சு."

பேரப்பிள்ளைகள் ஒரே குரலில் ஆமென் சொல்லிவிடுவார்கள். மீன் ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுவோம்.