தூங்க வேண்டியவன் தூங்கவில்லை

என்னை நம்பி ஒப்படைத்த காரியங்களில் உருப்படியாக முடிந்தவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சொதப்பியவற்றை எண்ணுவதற்கு என் மனைவி முத்துமாரி இருக்கிறாள். அவள் பட்டியலில் முதல் இடம் இன்றுவரை மாறவில்லை: எங்கள் மகன் கதிரைக் காதுப் பரிசோதனைக்கு நான் கூட்டிப்போன நாள்.

அப்போது அவனுக்கு இரண்டரை வயது. ஒரு சொல் பேசவில்லை. "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும்" என்று நாகலாபுரத்தில் என் உரக்கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் தீர்ப்புச் சொன்னார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. முத்துமாரிதான் ஒத்துக்கொள்ளவில்லை. வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கு வீடு தேடி வந்து பயிற்சி கொடுக்கும் டீச்சர் ஒருவரை வரவழைத்தாள். அவர் கதிரின் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினார். அவன் திரும்பவில்லை.

"மொதல்ல காத டெஸ்ட் பண்ணிருவோம் சார்" என்றார். அன்று எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

பரிசோதனை கோவில்பட்டியில். தலையில் ஒயர் ஒட்டி எடுப்பார்களாம். பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். அதனால் விடியுமுன்பே எழுப்பி, வழியில் கண்ணயரவிடாமல் கொண்டுவந்து, அங்கே வந்து தூங்க வைக்க வேண்டும். முத்துமாரிக்கு எட்டாம் மாதம். பஸ்ஸில் குலுங்கக் கூடாது.

"ஒங்களால முடியுமா?" என்றாள்.

"ஏட்டி, ஒரு புள்ளைய முழிச்சிருக்க வைக்கது ஒரு வேலையா?"

(வேலைதான்.)

எட்டயபுரம் வருவதற்குள் கதிரின் தலை ஆடத் தொடங்கியது. டவுன் பஸ்ஸைப் போல ஒரு தொட்டில் உலகத்தில் கிடையாது. கன்னத்தைத் தட்டினேன். உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினேன். ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை காட்டினேன். அந்த ரோட்டில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? வேலிக்கருவை. அதைத் தாண்டினால் மறுபடியும் வேலிக்கருவை. கடைசியில் பாட்டிலைத் திறந்து முகத்தில் தண்ணீர் தெளித்தேன். வீறிட்டு அழுதான்.

முன் சீட்டில் கொத்தமல்லிக் கூடையோடு இருந்த அக்கா திரும்பினார். "ஏய்யா, தூங்குத புள்ள மூஞ்சில தண்ணி ஊத்துதீரே, நீரு மனுசனா?"

"டெஸ்டுக்குப் போறோம்க்கா. தூங்கக் கூடாது."

"அப்படி என்னய்யா டெஸ்டு?"

"தூங்குனாத்தான் எடுக்க முடியும்."

(சொன்ன பிறகுதான் அது மற்றவர்கள் காதில் எப்படி விழும் என்று எனக்கே விளங்கியது.)

பஸ் முழுக்கப் பேச்சு கிளம்பியது. "புள்ளைக்கு இவரு ஜாடையே இல்லையே" என்று பின்னாலிருந்து ஒருவர் கொளுத்திப் போட்டார். கண்டக்டர் வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, புள்ளையோட அம்மா எங்கன?"

"வீட்ல. இவன் என் மகன்தான். பேரு கதிரு."

"கூப்பிடுங்க பாப்போம்."

அக்கா அதற்குள் அவனைத் தூக்கித் தன் மடியில் வைத்திருந்தார். அவன் முதுகு என் பக்கம். "ஏலே கதிரு" என்று கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். ஒரு பஸ் நிறைய ஆட்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அது போகட்டும். அவன் திரும்பவில்லையே.

முத்துமாரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். ஹலோ கூடச் சொல்லவில்லை அவள். "தூங்க விட்டுட்டீங்களா?" என்றாள். பஸ்ஸே நம்பிவிட்டது. கண்டக்டருக்கு அவளே எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். அவருடைய கொழுந்தியா மகளும் லேட்டாகத்தான் பேசினாளாம். எல்லாம் முடிந்து நான் திரும்பிப் பார்த்தால், அக்கா தட்டிக்கொடுத்த தட்டில் கதிர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில்தான் கண் திறந்தான், பூத்த பூ மாதிரி.

பரிசோதனை செய்யும் மேடம் சின்ன வயதுப் பெண். "பரவால்ல சார், பக்கத்துல படுத்துத் தட்டிக் கொடுங்க, தூங்கிருவான்" என்று ஓர் அறையைக் காட்டினார். இருட்டு. ஏசி. மெத்தை. நான் விடியுமுன்பே எழுந்தவன்.

யாரோ என் நெற்றியில் எதையோ ஒட்டுவதுபோல இருந்தது. கண்ணைத் திறந்தேன். நெஞ்சின்மேல் கதிர். அவனுக்கு ஒட்டுவதற்காக வைத்திருந்த ஒயர்ப் பட்டைகள் மூன்றும் என் முகத்தில்.

"ஒண்ணரை மணி நேரமாச்சு சார். அவன் தூங்கவே இல்ல."

"என்னை எழுப்பியிருக்கலாமே மேடம்?"

"எழுப்புனோம் சார்."

தரை பிளக்காதா என்றிருந்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஒண்ணு கவனிச்சேன். நீங்க குறட்டை விடும்போதெல்லாம் ஒங்களத் திரும்பிப் பாக்கான். நாங்க மெதுவாக் கூப்பிட்டா பாக்கல. சத்தமா இருந்தா கொஞ்சம் கேக்குது போல. டெஸ்ட் எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். அடுத்த வியாழக்கிழமை வாங்க."

கொஞ்சம் கேட்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு நான் அழுதேன். நெற்றியில் பட்டையோடு ஒரு மனிதன் அழுவதைப் பார்ப்பது அவருக்கும் புதிதாக இருந்திருக்கும்.

அடுத்த வியாழன் அதே பஸ். எங்களைப் பார்த்ததும் கண்டக்டர் உரக்கச் சொன்னார்: "கோவில்பட்டி வரைக்கும் இந்தப் புள்ள தூங்கப்படாது, பாத்துக்கிடுங்க!" அவன் கண் சொருகும்போதெல்லாம் விசிலை ஊதினார். டிரைவர் இரண்டு முறை ஸ்டாப்பே இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அவரைத் திட்டினார். அங்கே போய்ப் படுக்க வைத்ததும் கதிர் ஐந்து நிமிடத்தில் தூங்கினான். என்னை அறைக்கு வெளியே, முதுகு சாயாத ஸ்டூலில் உட்கார வைத்தார்கள்.

இரண்டு காதிலும் பாதிக் குறை என்று முடிவு வந்தது. காதுக்கருவி மாட்டினோம். டீச்சர் வாராவாரம் வந்தார். முதல் சொல்லுக்கு ஏழு மாதம் காத்திருந்தோம். இப்போது மூன்றாம் வகுப்பில், பேச்சை நிறுத்தச் சொல்லிப் புகார் வருகிறது.

கல்யாண வீடானாலும் சரி, சடங்கு வீடானாலும் சரி, நாலு பேர் கூடினால் முத்துமாரி ஆரம்பித்துவிடுவாள்: "புள்ளைக்கு டெஸ்ட் எடுக்கப் போயி இவிய தூங்கிட்டு வந்தாவ." நானும் விடாமல் விளக்கம் சொல்வேன்: தப்பு என்மேல் இல்லை, அந்தக் கண்டக்டர் மட்டும் வந்து கேள்வி கேட்காமல் இருந்திருந்தால்...

கதிர் பொறுமையாக இரண்டு காதுக்கருவிகளையும் கழற்றி, டப்பாவில் வைத்து மூடிவிட்டு என்னைப் பார்ப்பான்.

"ம், இப்ப சொல்லுங்கப்பா."