வாசித்ததாக எடுத்துக்கொள்வோம்

மனைவி பியூலா எம்.ஏ. படிக்கப் போவதாகச் சொன்ன அன்றே, அதை நடக்கவிடுவதில்லை என்று அசரியா முடிவு செய்துவிட்டார். கத்தப் போவதில்லை. மறுக்கவும் போவதில்லை. கமிட்டிக்கு விடப் போகிறார்.

சேலையூரில் பத்தொன்பது வருஷமாகச் சபைக் கமிட்டியின் செயலாளர் அவர். ஒரு காரியத்தை "கூடாது" என்று சொல்லாமலே தீர்த்துக்கட்டும் வித்தை அவருக்குக் கைவந்தது. "நல்ல யோசனை. அடுத்த கூட்டத்துல விரிவா பேசலாம்" என்பார். சபை ஹாலுக்கு ஏசி கேட்டவர்கள் ஏழு வருஷமாகக் கமிட்டி அறிக்கையால் விசிறிக்கொண்டிருக்கிறார்கள்.

பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர் தேவானந்தம் கதை இன்னும் பிரசித்தம். ஒரு கூட்டத்தில் முடிவு ஜெபத்துக்கு முன்பே போன் பேச வெளியே போனார். திரும்பி வருவதற்குள் கொயர் பெஞ்சுகளைத் தூணுக்குப் பின்னால் மாற்றும் தீர்மானம் நிறைவேறியிருந்தது. குதித்தார். அசரியா கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"முடிவு ஜெபம் வரைக்கும் கூட்டம்தான் அண்ணா. எழுந்து போனது உங்க இஷ்டம். கையெழுத்தான மினிட்ஸைப் போதகரே வந்தாலும் மாத்த முடியாது."

அன்றிலிருந்து தேவானந்தம் தூணோடு பாடுகிறார்.

பியூலா குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக இங்கிலீஷ் டீச்சர். பள்ளியின் சுற்றறிக்கை, ஆண்டறிக்கை, விருந்தினர் பேச்சு எல்லாம் அவர் எழுதியவை. கீழே இருக்கும் பெயர் மட்டும் வேறு யாருடையதோ. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் சனிக்கிழமை மட்டும் வகுப்பு: எம்.ஏ., புரொபஷனல் கம்யூனிகேஷன். கடிதம், அறிக்கை, கூட்டம் நடத்துவது, ஆளைப் பேசி வழிக்குக் கொண்டுவருவது எல்லாமே பாடம்.

"நான் எழுதினதுக்குக் கீழ என் பேர் இருக்கணும்ங்க. அவ்ளோதான் ஆசை" என்றார்.

அசரியாவின் கவலை வேறு. சபையில் யாருக்குக் கடிதம் வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். குப்பை வண்டி கேட்டு அவர் எழுதிய மனுவை இரண்டு பேர் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார்கள். நாளைக்கு எம்.ஏ. படித்த மனைவி அதை எடுத்துச் சிவப்பு மையில் திருத்தினால்? தவிர, சனிக்கிழமை என்றால் அவர் கோவளம் போய் வஞ்சிரம் வாங்கிவருவார். பியூலா குழம்பு வைப்பார். அசரியா சாப்பிட்டு நாலு மணி வரை தூங்குவார். பட்டம் வந்தால் குழம்பு போகும்.

விண்ணப்பிக்க இரண்டு வாரம்தான் இருந்தது. இரண்டு ஞாயிறு தள்ளினால் போதும்.

"நம்ம வீட்லயும் ஒரு முறை இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் குடும்பக் கமிட்டி. நான் தலைவர். நீயும் பிளஸ்ஸியும் உறுப்பினர்."

பெருங்குடியில் ஐடி வேலை பார்க்கும் மகள் பிளஸ்ஸி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "ப்பா, மூணு பேருக்கு எதுக்கு கமிட்டி?"

"மூணுல ரெண்டு பேர் இருந்தா கோரம். கூட்டம் செல்லும்."

அந்த வாக்கியத்தைச் சொன்னதற்காக அவர் பிறகு வெகுநாள் வருந்தினார்.

"மினிட்ஸ் யாருங்க எழுதறது?" என்று கேட்டார் பியூலா.

"தலைவர் எழுதக் கூடாது. நீயே எழுது."

முதல் ஞாயிறு. ஆரம்ப ஜெபம். பொருள் ஒன்று, தண்ணீர்த் தொட்டி கழுவுதல். முக்கால் மணி நேரம் பேசினார். பொருள் இரண்டு, ஹால் திரைச்சீலை. நிறத்தைப் பற்றி அரை மணி. பொருள் மூன்று, பியூலாவின் படிப்பு. கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரொம்ப முக்கியமான விஷயம். அவசரப்படக் கூடாது. அடுத்த வாரம் விரிவா..."

போன் அடித்தது. சபைப் பொருளாளர். அசரியா பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனார். நாற்பது நிமிஷம் கழித்து வந்தபோது மேஜையில் தட்டு வைத்திருந்தது. கூட்டம் தானாகவே கலைந்துவிட்டதாக நினைத்துச் சாப்பிட உட்கார்ந்தார்.

இரண்டாம் ஞாயிறு. அடுப்பில் மட்டன் குழம்பு கொதித்தது. வாசனை தலைவரை ஒரு நிலையில் இருக்கவிடவில்லை.

"போன கூட்டத்து மினிட்ஸ் வாசிக்கட்டுமாங்க? நாலு பக்கம்" என்றார் பியூலா.

"நாலு பக்கமா! வாசித்ததாக எடுத்துக்கொள்வோம். எங்க கையெழுத்து?"

"இங்க. ஒவ்வொரு பக்கத்துலயும்."

"முறை தெரிஞ்சவ" என்று பாராட்டிக்கொண்டே நாலு பக்கத்திலும் போட்டார். பத்தொன்பது வருஷப் பழக்கம். பேனா தானாக ஓடியது. பிறகு பியூலாவின் படிப்பை மறுபடி அடுத்த வாரத்துக்குத் தள்ளினார். பியூலா "சரிங்க" என்றார். பிளஸ்ஸி ஏனோ சமையலறைக்குப் போய்ச் சிரித்தாள். அசரியா மட்டனை மூன்று முறை கேட்டு வாங்கினார். வெற்றி பசியைக் கிளப்பும்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, வஞ்சிரப் பையோடு வாசலில் வண்டியை நிறுத்தினார். பியூலா கஞ்சி போட்ட காட்டன் புடவையில், தோள்பையோடு எதிரே வந்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"க்ளாஸுக்குங்க."

"எந்த க்ளாஸ்? அதைத்தான் தள்ளி வெச்சோமே!"

"போன மாசமே பாஸ் ஆயிடுச்சே." பையிலிருந்து நோட்டை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தார். "வாசிக்கட்டுமா, வாசித்ததாக எடுத்துக்கலாமா?"

அசரியாவே பிடுங்கி வாசித்தார். 'திருமதி பியூலா எம்.ஏ. படிப்பில் சேர அனுமதிக்கப்பட்டது. சனிக்கிழமை மதியச் சமையலைத் தலைவர் ஏற்பார். முன்மொழிந்தவர் பிளஸ்ஸி. வழிமொழிந்தவர் பியூலா.' கீழே அவர் கையெழுத்து. வளைவு நெளிவெல்லாம் அவருடையதேதான்.

"இது எப்ப நடந்துச்சு?"

"நீங்க பால்கனியில இருந்தப்ப."

"கூட்டம்தான் முடிஞ்சிடுச்சே!"

"முடிவு ஜெபம் பண்ணீங்களா?"

அசரியா நோட்டை மூடினார். தூணுக்குப் பின்னாலிருந்து தேவானந்தம் பாடுவது காதில் கேட்டது.

"மூணுல ரெண்டு பேர் இருந்தா கோரம்ப்பா" என்று உள்ளேயிருந்து பிளஸ்ஸி எடுத்துக் கொடுத்தாள்.

"சண்டை போட்டுச் சேர எனக்கு இஷ்டம் இல்லங்க. முறைப்படி சேரணும்னு நெனச்சேன்" என்றார் பியூலா. "மீன்ல மஞ்சத்தூள் தடவி வெச்சிடுங்க. புளி ஊற வெச்சிருக்கேன்."

தீர்மானத்தை ரத்து செய்ய அசரியா நாலு ஞாயிறு முயன்றார். நாலு முறையும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார். ஐந்தாவது வாரம் குழம்பு ஓரளவு வாயில் வைக்கும்படி வந்தது. முயற்சியைக் கைவிட்டார்.

முதல் செமஸ்டர் முடிவு வந்தது. கூட்ட ஆவணங்கள் என்ற பாடத்தில் பியூலாதான் வகுப்பில் முதல். அவர் எழுதிய அறிக்கையைக் கல்லூரி அச்சடித்துத் தந்திருந்தது. அட்டையின் கீழே 'பியூலா அசரியா'. வேறு யார் பெயரும் இல்லை. பியூலா அந்த வரியின் மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தடவினார். அசரியா அட்டையை வாங்கிக் கடைக்குப் போய் இருபது ஜெராக்ஸ் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் விநியோகம். "என் மிஸ்ஸஸ். மினிட்ஸ் எழுதறதுல அவங்கதான் ஃபர்ஸ்ட்."

"யார்கிட்ட கத்துக்கிட்டாங்களாம்?" என்று கேட்டார், பிளஸ்ஸி மூலம் கதை முழுதும் அறிந்திருந்த தேவானந்தம்.

"வேற யாருகிட்ட?" என்று அசரியா நெஞ்சை நிமிர்த்தினார்.

தேவானந்தம் அன்று பாடிய பாட்டு தூணைத் தாண்டித் தெருவரைக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் கமிட்டி கூடியது. பியூலா ஒரு தாளை நீட்டினார். "காலேஜுக்கு ஒரு கையெழுத்துங்க."

அசரியா கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். இரண்டாம் செமஸ்டரில் சேர வீட்டில் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து மூன்று முறை வாசித்தார். பிழை இல்லை, பொறி இல்லை. ஆட்சேபணையா? எனக்கா? பெருமையோடு கையெழுத்துப் போட்டார்.

"பின்பக்கம் பார்த்தீங்களா?" என்றாள் பிளஸ்ஸி.

திருப்பினார். 'குழுத் திட்டப்பணிக்காக, வகுப்புக்குப் பதிலாக, மாணவர் பதினோரு பேர் வரும் எட்டுச் சனிக்கிழமையும் எங்கள் வீட்டில் கூடுவர். மதிய உணவு: திரு. அசரியா.'

இதற்கு மேல் எதுவும் நிறைவேறிவிடக் கூடாது. அசரியா சட்டென்று கண்ணை மூடி, பத்தொன்பது வருஷத்தில் இல்லாத வேகத்தில் முடிவு ஜெபத்தைச் சொல்லி முடித்தார்.

"ஆமென்" என்றார் பியூலா. "அதுல நாலு பேர் வெஜிடேரியன்ங்க."