ஆறிப்போன காப்பியும் இல்லாத முதல் பக்கமும்

நாவலைக் கையில் எடுத்ததும் முதல் பக்கத்தைத் திறக்கிறவர்கள் நேர்மையானவர்கள். நான் கடைசிப் பக்கத்தைத் திறக்கிற ரகம். கல்யாணம் நடந்ததா, கதாநாயகி உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொண்டால் எனக்குப் போதும். நடுவில் அவர்கள் படுகிற பாட்டை அவர்களே பட்டுக்கொள்ளட்டும். இந்தக் கெட்ட பழக்கத்தால் ஒரு மழைக்கால சாயங்காலம் என் மயிர்க்காலெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. இன்னும் அது முழுசாகப் படுக்கவில்லை. (மிச்சமிருக்கும் முடியைச் சொல்கிறேன்.)

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் குடம் செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். எப்படியாவது பிரான்சுக்குப் போய்விட வேண்டும் என்ற ஆசையில், வேலை முடிந்து ஒரு பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். பிரெஞ்சு கடைசிவரை மண்டையில் ஏறவில்லை. டீச்சர் மட்டும் மனசில் ஏறிவிட்டாள். பெயர் சில்வி.

அவள் வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மரப்படி, மரத்தளம், ஆள் உயர சன்னல்கள் என்று பழைய பிரெஞ்சுக்காரன் காலத்து வீடு. என் அப்பா முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி. நாங்களும் அவர்களைப் போல் கிறிஸ்தவர்கள், வேதக்காரர்கள்தான் என்றாலும், கோயிலில் அவர்கள் முன் பெஞ்சு, நாங்கள் தூண் ஓரம்.

"எங்கம்மாகிட்ட நேரா வந்து பொண்ணு கேட்டுடாத ராஜ்," என்றாள் சில்வி. "மொதல்ல சனிக்கிழம சபைக்கு வா. உன் வரிக்கு யாராச்சும் ஒருத்தர் 'அப்புறம்?'னு கேட்டுட்டாப் போதும். அம்மா பாதி சம்மதிச்ச மாதிரி."

சபை என்றால் அவள் அம்மா நடத்திய வாசகர் சபை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கோயில் தோழிகள் நாலைந்து பேர் கூடுவார்கள். எல்லோரும் படிப்பது ஒரே வகை நாவல்தான்: நூறு, இருநூறு வருடத்துக்கு முந்திய காலம், நீள கவுன் போட்ட பெண், ஜெபம், குதிரை, கடிவாளத்தைப் பிடித்தபடி வெட்கப்படும் ஆண், முத்தத்துக்கு முன்னால் ஒரு வேத வசனம். சபைக்கு ஒரு சட்டம் உண்டு. கொண்டுவந்த புத்தகத்தின் முதல் வரியை மட்டும் சொல்ல வேண்டும். சிலர் பிரெஞ்சில் படிப்பார்கள், சிலர் இங்கிலீஷில். பொதுவாக இருந்தது தமிழ் ஒன்றுதான் என்பதால் வரியைத் தமிழில் சொல்லிவிட வேண்டும். கேட்டவர்களில் ஒருவராவது "அப்புறம்?" என்றால் புத்தகம் பாஸ், கேட்டவர் அதை இரவல் வாங்கிப் போவார். எல்லோரும் பேசாமல் காப்பியை உறிஞ்சினால் புத்தகம் ஃபெயில், கொண்டுவந்தவர் மானம் கப்பலேறிவிடும். யார் கெஞ்சினாலும் இரண்டாவது வரியைச் சொல்லவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நடைபாதையில் ஒரு புத்தகம் பிடித்தேன். அட்டையில் தொப்பி போட்ட பெண், பின்னால் கடல், தூரத்தில் ஒரு கப்பல். வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கோயில் மணி அடிக்கிறது, கல்யாணம் நடக்கிறது. இது போதுமே என்று வாங்கிக்கொண்டேன். முதல் வரி சொல்ல வேண்டிய சபைக்குக் கடைசி வரியைப் பார்த்துவிட்டுப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை மழை ஊற்றியது. தெப்பலாக நனைந்து, நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். வேலைக்கார அம்மா கதவைத் திறந்தார்.

"சில்வி பாப்பா உள்ள வேலயா இருக்குது. அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க. உள்ள ஒக்காரு தம்பி."

கூடத்தில் பெரிய மேசை ஒன்று இருந்தது. சன்னலோரம் தனியாக ஒரு நாற்காலி, அதன் முன்னால் சின்ன மேசை, அதன்மேல் ஒரு கோப்பைக் காப்பி, பக்கத்தில் மடித்து வைத்த வெள்ளைத் துணி. துணியின் ஓரத்தில் வெள்ளை நூலால் ரொசாலி என்று பிரெஞ்சு எழுத்தில் பூத்தையல் போட்டிருந்தது. நனைந்து வருகிறவனுக்காகச் சில்வி முன்கூட்டியே காப்பி வைத்திருக்கிறாள், எவ்வளவு அன்பு என்று உருகிப்போய் உட்கார்ந்து ஒரே மடக்கில் குடித்தேன். பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது. சர்க்கரை பேருக்குத்தான் இருந்தது. பெரிய இடங்களில் இப்படித்தான் குடிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (பிறகு பல வருடம் நினைத்துப் பார்த்துக் கூசிய வாய் இது.)

மேலே மரத்தளத்தில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. நாலு எட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு எட்டு. மாடியில் தாந்த் இருக்கிறார், அம்மாவின் அத்தை, கீழே இறங்கியே பல வருடம் ஆகிறது என்று சில்வி சொல்லியிருந்தாள். தாந்த் என்றால் பிரெஞ்சில் அத்தை. நான் கற்றுக்கொண்ட சில வார்த்தைகளில் அது ஒன்று.

பெண்கள் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். சில்வியின் அம்மா நாற்காலியைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வந்தவனிடம் முகம் சுளிப்பது அந்த வீட்டு வழக்கம் இல்லை. "போன்ழூர்," என்று மட்டும் சொன்னார். சில்வி உள்ளிருந்து வந்து கண்ணை உருட்டி உருட்டிக் காட்டினாள். நனைந்திருந்தாலும் இஸ்திரி போட்ட சட்டை பிடித்திருக்கிறது போல என்று நான் பல்லைக் காட்டினேன்.

கரண்டு போய்விட்டது. ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்துச் சபையைத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு செலின் மதாம் முதலில் சொன்னார்: "போதகர் வீட்டுக்கு வேலைக்கு வந்த அன்றே, தன் பெயர் பொய் என்பதை ஆண்டவரிடமாவது சொல்லிவிடலாமா என்று எம்மா யோசித்தாள்."

"அப்புறம்?" என்று மூன்று குரல்கள் வந்தன. மேலே நாலு எட்டு, ஒரு நிறுத்தம்.

இன்னொருவர் சொன்னார்: "குதிரை வண்டி சேற்றில் புதைந்தபோதுதான் ஹன்னா தன் வருங்காலக் கணவனைப் பார்த்தாள், அவனும் சேற்றில்தான் கிடந்தான்." இதற்கும் ஒரு "அப்புறம்?" கிடைத்தது. மேலே மறுபடி நாலு எட்டு.

"நீங்க சொல்லுங்க தம்பி," என்றார் சில்வியின் அம்மா.

புத்தகத்தைத் திறந்தேன். முதல் தாளையே காணவில்லை. பாதி வாக்கியத்தில் தொடங்கி யாரோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சில்வி விரல் நகத்தைக் கடித்தாள். கல்யாணமே கையை விட்டுப் போகிற மாதிரி இருந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டிக் கட்டினேன். அட்டையில் கப்பல், எதிரே சன்னல், முன்னால் காலிக் கோப்பை, துணியில் ஒரு பெயர். கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டையில் சொன்னேன்:

"கப்பல் இனி வராது என்று ஊரே சொன்ன பிறகும், ரொசாலி தினமும் சாயங்காலம் ஒரு கோப்பைக் காப்பி ஊற்றி சன்னலோரம் வைத்துவிட்டு, அது ஆறும்வரை காத்திருந்தாள்."

யாரும் "அப்புறம்?" என்று கேட்கவில்லை. யாரும் காப்பியை உறிஞ்சவும் இல்லை. செலின் மதாம் கையிலிருந்த பிஸ்கட் காப்பிக்குள் விழுந்தது. அசத்திவிட்டோம் என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அப்போதுதான் மேலே நடை நின்றுபோயிருப்பதைக் கவனித்தேன்.

பிறகு மரப்படி கிறீச்சிட்டது. ஒவ்வொரு படியாக, நிதானமாக. படியின் பாதி இருட்டில் ஒரு வெள்ளை உடுப்பு நின்றது.

"அப்புறம்?" என்றது அந்த உருவம்.

தாந்த் நேராக என்னிடம் வந்தார். கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையின் சில்லிப்பு இன்றைக்கும் மழை பெய்தால் எனக்கு ஞாபகம் வரும்.

"குடிச்சிட்டியா?"

"குடிச்சிட்டேன் மதாம்."

"சக்கர?"

பெரியவர்களிடம் பொய் சொல்லக் கூடாது என்று எனக்கு அந்த நேரத்தில்தானா தோன்ற வேண்டும்? "கொஞ்சம் கம்மி," என்றேன்.

தாந்த் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "அன்னிக்கும் இதேதான் சொல்லிட்டுப் போன, லெயோன்," என்றார்.

எனக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்துவிட்டது. எழுந்து ஓடலாம் என்றால் கை அவர் பிடியில். "இரண்டாவது வரி சொல்லக் கூடாதுன்னு சட்டம் மதாம்..." என்று முனகினேன்.

"சட்டமாவது மண்ணாவது. அப்புறம் இன்னா ஆச்சு?"

"அப்புறம்... மழை பேஞ்சுது."

"மழ பேயறது எனக்குந் தெரியுது. அவன் வந்தானா இல்லியா?"

சில்வியின் அம்மா வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். ஆனால் அந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. கல்யாணம் போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டேன்.

"வந்தான் மதாம். தெப்பலா நனைஞ்சு வந்தான்."

அவர் என் ஈரக் காலைப் பார்த்தார். மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்துக் கையில் கொடுத்தார். "தலயத் தொவட்டு," என்றார். பிறகு பெரிய மேசைக்குப் போய், காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு காப்பி கேட்டார்.

விஷயத்தை சில்வியின் அம்மாதான் தணிந்த குரலில் சொன்னார். தாந்தின் பெயர்தான் ரொசாலி. லெயோன் அவருக்கு நிச்சயமான மாப்பிள்ளை. பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பல் ஏறினவர். ஏறும் முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். பிறகு ஒரு சேதியும் இல்லை. அன்றிலிருந்து தினமும் காப்பி வைப்பார்கள், சாயங்கால மணி அடித்ததும் கொட்டிவிடுவார்கள். சர்க்கரை விஷயம் அந்த வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது.

"எங்க, அந்தப் பொஸ்தகத்தக் குடுங்க," என்று சில்வியின் அம்மா வாங்கிப் புரட்டினார். "மொத பக்கமே இல்லியே!"

பிடிபட்டுவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். "கப்பல் அட்டையில இருந்துச்சு மதாம். காப்பி முன்னால இருந்துச்சு. பேரு இந்தத் துணியில இருந்துச்சு," என்று தலை துவட்டிய துணியை விரித்துக் காட்டினேன்.

மெழுகுவத்திக்குப் பக்கத்தில் பிடித்து, நான்கு ஓரமும் திருப்பிப் பார்த்தோம். வெறும் வெள்ளைத் துணி. ஒரு எழுத்து இல்லை, ஊசி ஏறிய தடம்கூட இல்லை.

"நான் சொல்லியிருப்பேனோ?" என்றாள் சில்வி. பிறகு அவளே, "இல்லியே, உங்கிட்ட தாந்த்னு மட்டுந்தான சொன்னேன்," என்றாள்.

அம்மா பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்குப் புரிந்தால்தானே! சில்வி மொழிபெயர்த்தாள்: "தாந்த் இத்தன வருஷம் கழிச்சு கீழ எறங்கி வந்திருக்காங்க. இனிமே உன்ன வெளிய தொரத்த முடியாதாம்." எங்கள் நிச்சயதார்த்தம் அவ்வளவுதான். கல்யாணத்தன்று கோயிலில் சாமியார் கேட்க நான் "சம்மதம்" என்றதும், முன் பெஞ்சிலிருந்து "அப்புறம்?" என்று ஒரு குரல் கணீரென்று வந்தது. சாமியாரே சிரித்துவிட்டார்.

தாந்த் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. கடைசிவரை எனக்கு லெயோன் என்றுதான் பெயர். மாமியார் வீட்டில் இன்றைக்கும் எல்லோருக்கும் சூடாகக் காப்பி வரும், எனக்கு மட்டும் சன்னலோரம் ஆறிப்போய் வரும். நான் வெளியூர் கிளம்பும்போதெல்லாம் மொத்தக் குடும்பமும் வாசலில் நின்றுகொண்டு, "சக்கர சரியா இருந்துச்சா?" என்று கோரஸாகக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு இப்போது சர்க்கரை வியாதி. காப்பியில் ஒரு துளி இனிப்பு கிடையாது. இருந்தாலும், "அய்யோ, திகட்டுது!" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவேன். கம்மி என்று சொல்லிவிட்டுப் போனவர் கதைதான் எனக்குத் தெரியுமே.